நாலாவது குழி

பல் டாக்டர் பொருளைக் கொண்டுவரவில்லை. பொருளின் காலடியைக் கொண்டுவந்தார்.

ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு மெழுகுத் தகடு ஒன்றை எடுத்து அவளுடைய வேலை மேசையில் வைத்தார். பல்செட் கட்டுவதற்கு முன்னால் கடிக்கச் சொல்வார்களே, அந்த மெழுகு. அதில் நாலு பள்ளங்கள். ஓரத்தில் நகத்தால் கீறிய ஓர் அம்புக்குறி.

"அம்பு இருக்கிற பக்கம் தலை. இதுக்கு ஒரு ஸ்டாண்டு வேணும்மா. நாலு காலும் குழிக்குள்ள உக்கார்ற மாதிரி."

"தலைன்னா? என்ன பொருள் டாக்டர்?"

"ஒரு பொம்மை. என்னோடது இல்ல, தெரிஞ்சவங்களோடது."

"அதைக் கொண்டுவந்திருக்கலாமே."

டாக்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கார் நிறுத்துவதற்காக வீட்டுப் பக்கச்சுவரை ஒட்டிக் கட்டிய கொட்டகை அது. கார் வரவேயில்லை. அந்த இடத்தில் முதலில் ஒரு ரம்பம் வந்தது, பிறகு துளையிடும் மெஷின், பிறகு தேய்க்கும் மெஷின். இப்போது சைக்கிளுக்குக்கூட இடமில்லை. தெருவில் அவளுக்கு ஸ்டாண்டுக்காரம்மா என்று பெயர். தட்டு, கடிகாரம், சங்கு, பரிசுக் கோப்பை என்று எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு மர இருக்கை செய்து, அதை ஒரு பொருட்டாக நிமிர்த்தி உட்காரவைத்துவிடுவாள். ஆபரேஷனில் எடுத்த சிறுநீரகக் கல்லுக்கு ஒருவர் ஸ்டாண்டு கேட்டார். அதற்கும் செய்து கொடுத்திருக்கிறாள். கல்லைவிட ஸ்டாண்டு அழகு என்று அவர் மனைவி சொன்னாளாம்.

கொட்டகை வாசலுக்கு மேலே ஒரு பலகையில் சூட்டுக்கோலால் எழுதியிருந்தது: பொருள் வராமல் ஸ்டாண்டு போகாது. எந்த ஸ்டாண்டையும் அதற்குரிய பொருளை அதன்மேல் தன் கையால் வைத்து, ஒரு விரலால் தட்டி, ஆடவில்லை என்று கண்ட பிறகுதான் கொடுப்பாள். அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

டாக்டர் அந்தப் பலகையை இரண்டு தரம் படித்தார்.

"கடைசியா அளவு பாக்கும்போது பொருள் வந்தாப் போதும்தானே?"

"வந்தே ஆகணும்."

"அப்ப சரி," என்றார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. போகும்போது திரும்பி நின்று, மெழுகில் ஒரு பள்ளத்தைச் சுண்டுவிரலால் காட்டினார். "இந்த வலது பின்னங்கால் மட்டும் சரியா விழல. அழுத்தும்போது கை அசஞ்சிடுச்சு. மத்த மூணு மாதிரியே இதையும் தோண்டிடுங்க."

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் கொட்டகையிலேயே நின்றது. காலம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டே பிழைத்த மனிதர். அவருக்கா கை அசையும்?

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டின் மேல் குனிந்தாள். முன்னங்கால்கள் இரண்டும் ஒட்டினாற்போல இருந்தன. பின்னங்கால்களில் இடது ஒன்று மட்டும் பின்தங்கி, நகரமாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல் ஊன்றியிருந்தது. வலது பின்னங்கால் பள்ளம் மற்றவற்றில் பாதி ஆழம்கூட இல்லை. எங்கேயோ பார்த்த நடை. இல்லை, நடை இல்லை. நடக்க மறுத்து நிற்கும் நிலை.

தேய்க்கும் மெஷினுக்கு மேலே, வார்னிஷ் டப்பாக்கள் அடுக்கியிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வீட்டுக் கூடத்து அலமாரியின் நடுத்தட்டு அது. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, நல்ல மரம் என்று அவள் எடுத்துக்கொண்ட ஒரே பொருள். டப்பாக்களை இறக்கினாள். துணியால் துடைத்தாள். வெளிறிப்போன பலகையில் நாலு சின்ன வட்டங்கள் மட்டும் அடர்ந்த நிறத்தில் இருந்தன. அதில் ஒன்று வட்டமில்லை, நீள்சதுரம். மடித்த பஸ் டிக்கெட்டின் அளவு.

மெழுகுத் தகட்டைத் தூக்கி அந்த அடையாளங்கள்மேல் பிடித்தாள். பூட்டுக்குச் சாவிபோல் பொருந்தியது.

அம்மாவின் கழுதை.

*

ஒரு கழுதைக்காகப் பேச்சு நின்றுபோன குடும்பம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் அதுதான் நடந்தது. ஒரு சாண் உயரப் பீங்கான் கழுதை. சாம்பல் நிறம், முதுகின் இரண்டு பக்கமும் கூடை, முகத்தில் யாரையும் மதிக்காத பார்வை. கூடைகளில் அம்மா ஊக்கு, பித்தான், வீட்டுச்சாவி எல்லாம் போட்டுவைப்பாள். கோபம் வந்தால், "உங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கழுதை மேல், சொன்ன இடத்துல நிக்கும்" என்பாள்.

சின்னவளான இவள் ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று அதைத் தவறவிட்டாள். வலது பின்னங்காலின் குளம்பு சில்லாகத் தெறித்துப்போனது. அக்கா அப்போது கல்யாணமாகிப் போய்விட்டாள். தம்பி ஹாஸ்டலில். வீட்டில் அம்மாவும் அவளும்தான். அம்மா திட்டவில்லை. பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்து அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத. நொண்டிக் கழுதைன்னு கேலி பண்ணுவாங்க," என்றாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டைக் காலி செய்த நாளில் காலையில் கழுதை அலமாரியில் இருந்தது. மத்தியானம் இல்லை. அக்கா, தம்பி, தம்பி மனைவி, சாமான் ஏற்ற வந்த ஆட்கள், இவள், இவ்வளவு பேர்தான். அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. ஒரு கையால் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், உடையும் பொருளைப் பிடிப்பதுபோல.

"பையில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா தொறந்து காட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தாள். பின்னால் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தாள். வண்டிக்காரர்களைப் பார்த்தாள். "என்னையா தொறக்கச் சொல்ற?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். பையைத் திறக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய் இரண்டு பக்கமும் இன்னும் திறக்கவில்லை.

*

"பல் டாக்டர் கிளினிக் உங்கக்கா வீட்டுப் பக்கமா இருக்குங்கறதால அவரும் கூட்டுக் களவாணியா?" என்றார் வீட்டுக்காரர். அச்சகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொட்டகை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் ஊர்ல பாதிப் பேர் இருக்கான். பாதிப் பேருக்குச் சொத்தைப்பல்லும் இருக்கு."

"அளவு பொருந்துதுங்க. நீங்களே வந்து பாருங்க."

"பாத்தேன். பொருந்துது. அதுக்கென்ன?"

"அந்தப் பின்னங்கால் சரியா விழலன்னு அவரா எடுத்துச் சொல்றாரு. நான் கேக்கவே இல்ல. குளம்பு உடைஞ்சது தெரிஞ்சாப் பொருள் எதுன்னு தெரிஞ்சுடும்னு பயம். அதான் மத்ததுமாதிரியே தோண்டுங்கறாரு."

"உண்மையிலேயே கை அசஞ்சிருந்தா?"

"அசையாது."

அவர் டம்ளரைக் கவிழ்த்து கடைசிச் சொட்டைக் குடித்தார். "சரி. உங்கக்காதான் எடுத்தாங்கன்னே வை. எடுத்தவங்க போயும் போயும் உன்கிட்டயா ஸ்டாண்டு செய்யக் குடுப்பாங்க? திருடின கோழிக்குப் பறிகுடுத்தவன் வீட்லயா போய் மசாலா கேப்பான்?"

அவள் உப்புத்தாளை எடுத்து ஒரு மரத்துண்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். சந்தேகத்துக்குப் பதில் தேவைப்படுவதில்லை, தீனிதான் தேவை. அந்தத் தீனியையும் அவரே போட்டார்.

"தம்பி போன் பண்ணினான். உங்கக்கா மகன்கிட்டப் போறாங்களாம். கடல் தாண்டி. அடுத்த மாசம். அங்கயே தங்கிடறாங்களாம்."

அவள் கையிலிருந்த உப்புத்தாள் நின்றது.

ஆக, அதுதான். மூட்டை கட்டுகிறாள். கண்காணாத தேசத்தில், புது வீட்டின் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள் அம்மாவின் கழுதை நிற்கப்போகிறது. நிற்பதற்குத் தங்கை செய்த ஸ்டாண்டு. கழுதையையும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காலும் தங்கையையே கொடுக்கச் சொல்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"வழியனுப்பப் போவியா?" என்று கேட்டார் அவர்.

"அதைக் கழுதை சொல்லும்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விளங்கியது. அக்கா எடுத்தாளா இல்லையா என்பதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சிக்குக் கூண்டு செய்யும் வேலை தன் கையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. எடுத்தது உறுதியானால், வழியனுப்புவதாவது ஒன்றாவது. இந்த ஜென்மத்துக் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

*

பழைய கட்டில் சட்டத்திலிருந்து ஒரு துண்டு அறுத்தாள். ரேகை நீளவாக்கில் ஓடும் கருஞ்சிவப்பு மரம். ஓரங்களை வளைத்து, சுற்றிலும் மெல்லிய ஒரு வரி வெட்டினாள். அழகுக்கு அது போதும். பொருளை மீறி ஸ்டாண்டு பேசக்கூடாது என்பது அவள் கொள்கை. மெழுகிலிருந்து நாலு கால்களின் மையத்தையும் ஊசியால் குத்தி மரத்துக்கு மாற்றினாள். மூன்று குழிகளை ஒரே ஆழத்துக்குத் துளைத்து, உளியால் அடியைச் சமன் செய்தாள்.

நாலாவது குழியில் கை நின்றது.

டாக்டர் சொன்னபடி தோண்டினால் எல்லாக் காலும் ஒரே மட்டம். அதில் எந்தக் கழுதையும் ஏறி நிற்கும். உடைந்த கால்காரக் கழுதை மட்டும் ஆடும். ஆடினால் டாக்டர், "உங்க மரம் கோணல்" என்பார். தோண்டாமல் பாதியிலேயே விட்டால்? முழுக்கால் கழுதை எதுவும் அதில் ஆடாமல் நிற்காது. பஸ் டிக்கெட் கனத்துக்குக் குளம்பு குறைந்த ஒரே ஒரு கழுதைதான் நிற்கும். அலமாரிப் பலகையில் அம்மா முட்டுக்கொடுத்த இடத்தை விரலால் தடவினாள். அந்தக் கனம் அவள் விரலுக்குத் தெரியும். நாலாவது குழியைப் பாதியில் நிறுத்தினாள்.

தொழிலில் இறங்கிய நாளிலிருந்து, வந்த அளவை விட்டுவிட்டுத் தன் மனதில் இருந்த அளவுக்கு அவள் மரம் வெட்டியது அதுதான் முதல் தடவை.

வார்னிஷ் காய்ந்ததும் கிளினிக்குக்குப் போன் செய்தாள். "ஸ்டாண்டு ரெடி டாக்டர். பொம்மையைக் கொண்டுவாங்க."

"நான் வரலம்மா. பொம்மைக்காரங்களே வருவாங்க."

"அவங்க யாருன்னு இப்பவாவது சொல்லலாமே."

"வாயைத் தொறன்னு சொல்றதுதான் என் தொழில்," என்றார் டாக்டர். "என் வாயைத் தொறக்க எனக்கு அனுமதி இல்ல."

*

அக்கா பகலிலேயே வந்தாள். தெருவே பார்க்க, ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டு வாசலுக்குப் போகாமல் நேராகக் கொட்டகைக்கு வந்து, பலகையில் எழுதியிருந்ததை அண்ணாந்து படித்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதே மாதிரி ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"உள்ள வரலாமா? இல்ல, பையை வாசல்லயே தொறக்கணுமா?"

குத்தல் போகவில்லை. அவள் முக்காலியின் மேலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். அக்கா உட்காரவில்லை. பையை மேசைமேல் வைத்து, துண்டுத்துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். சாம்பல் நிறக் காது தெரிந்தது. பிறகு கூடை. பிறகு அந்த மதிக்காத பார்வை.

"இந்தா," என்றாள் அக்கா. "நான்தான் எடுத்தேன். அன்னைக்குப் பையில இதுதான் இருந்துச்சு. நீ நினைச்சது சரி. போதுமா?"

அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் அது. ராத்திரி பகலாக மனசுக்குள் அக்காவின் குரலில் சொல்லிப் பார்த்த வாக்கியம். காதில் விழுந்தபோது, ஏனோ, வேறு யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"எதுக்கு இப்பக் கொண்டுவந்த?"

"நான் ஊரை விட்டுப் போறேன். கேள்விப்பட்டிருப்ப. உன் பொருள் உன்கிட்ட இருக்கட்டும். ஸ்டாண்டும் உனக்குத்தான். சும்மா வந்தா கதவைச் சாத்துவ. பொருளோட வர்ற ஆளை நீ திருப்பி அனுப்பமாட்டியே. அதான் டாக்டரைப் புடிச்சேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. கையெல்லாம் நடுங்கிச்சு பாவம், மெழுகுல அழுத்தும்போது."

கை அசைந்திருக்கிறது.

அவள் ஸ்டாண்டை இழுத்து மேசை நடுவில் வைத்தாள். கழுதையைத் தூக்கினாள். முன்னங்கால்கள் இரண்டும் குழிக்குள் இறங்கின. இடது பின்னங்கால் இறங்கியது. கையை எடுத்தாள். வழக்கப்படி ஒரு விரலால் முதுகைத் தட்டினாள்.

டக்.

இன்னொரு தரம் தட்டினாள். டக், டக். கழுதை ஆடியது.

"என்ன, ஆடுது?" என்றாள் அக்கா. "நீ செஞ்சது ஆடுமா?"

அவள் கழுதையைக் கவிழ்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நாலு குளம்பும் முழுசாக இருந்தன. வலது பின்னங்குளம்பைக் கட்டைவிரலால் நெருடினாள். ஒட்டுப்போட்ட தழும்பு இல்லை, சில்லு இல்லை. வழவழவென்று, பிறந்தபடியே இருந்தது. ஒரே அச்சில் வார்த்த வேறு கழுதை. கழுதைகளுக்கென்ன, ஒரே அச்சில் ஆயிரம் வார்த்திருப்பார்கள். அலமாரித் தடம் அத்தனைக்கும் பொருந்தும்.

"அக்கா."

"ம்."

"நீ எடுக்கல."

அக்கா துண்டுத்துணியை மடிக்க ஆரம்பித்தாள். "அதான் எடுத்தேன்னு சொல்றேனே."

"அம்மா கழுதைக்கு இந்தக் கால்ல குளம்பு கிடையாது. நான்தான் உடைச்சேன். நீ போனப்புறம். அம்மா டிக்கெட்டை மடிச்சு வச்சு மறைச்சுட்டா. உனக்குத் தெரியாது." கழுதையை நிமிர்த்தி வைத்தாள். "எங்க வாங்கின இதை?"

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். பிடித்துவைத்திருந்தது எல்லாம் தளர்ந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது.

"எத்தனை பழைய சாமான் கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? குதிரை இருக்குங்கறான், மான் இருக்குங்கறான். ஒருத்தன், 'இவ்வளவு வயசுக்கப்புறம் கழுதை எதுக்கும்மா'ன்னு கேட்டான். என் தங்கச்சியைத் திரும்ப வாங்கறதுக்குடான்னு சொல்ல முடியுமா?" மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுமில்லன்னு சொன்னேன், நீ நம்பல. எடுத்தேன்னு சொன்னாலாவது பேசுவன்னு பாத்தேன். விமானம் ஏறிட்டா அப்புறம் நீ எங்க, நான் எங்க. திருடின்னு பேர் வாங்கிட்டுப் போறதுல எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஸ்டாண்டைப் பார்த்தாள். நாலாவது குழி பாதி ஆழத்தில், தான் வெட்டியபடியே, சாட்சிக் கூண்டாக நின்றது. டாக்டர் சொன்னபடி தோண்டியிருந்தால் கழுதை முதல் தட்டிலேயே நிமிர்ந்து நின்றிருக்கும். தான் கழுதையைத் திருப்பிப் பார்த்திருக்கவே மாட்டாள். அக்கா திருடியாகவே கடல் தாண்டியிருப்பாள்.

"அப்ப அன்னைக்குப் பையில என்ன இருந்துச்சு?"

அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவோட பல்செட்."

"பல்செட்டா?"

"மெதுவாப் பேசு. அம்மாவுக்குப் பல்செட்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கா? அத்தனையும் சொந்தப் பல்லுதானே. கரும்பு கடிச்சாளே!"

"பாத்தியா. இதே டாக்டர்தான் கட்டினாரு. நான்தான் கூட்டிட்டுப் போவேன். சின்னவளுக்குத் தெரியக்கூடாது, மருமகளுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. குளியலறை அலமாரில டம்ளரோட இருந்துச்சு. குப்பைல போட மனசு வரல. எடுத்துப் பையில வச்சுட்டேன். நீ தொறன்னு சொல்ற, பின்னாடி மருமக நிக்கறா, நாலு வண்டிக்காரங்க நிக்கறாங்க. எப்படித் தொறப்பேன், சொல்லு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"அது இப்ப எங்க?"

"இருக்கு. பெட்டில எடுத்து வச்சிருக்கேன். ஊரை விட்டுப் போறேங்கறதுக்காக அதைத் தூக்கிப் போட முடியுமா?"

"அதுக்கும் ஒரு ஸ்டாண்டு செஞ்சு தரட்டுமா?"

"அடி செருப்பால," என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, துண்டுத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவள் உளியை எடுத்தாள். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டித் தட்டி, நாலாவது குழியில் விட்டுவைத்திருந்த மரத்தைச் சீவி எடுத்தாள். வார்னிஷ் போட்ட கருஞ்சிவப்புக்குள் அந்த ஒரு குழி மட்டும் பச்சை மரமாக வெளுத்துத் தெரிந்தது. மூன்றோடு மட்டம் பார்த்து, தூளை ஊதினாள். கழுதையை வைத்தாள். விரலால் தட்டினாள். சத்தமில்லை.

"இப்ப எப்படி நின்னுச்சு?" என்றாள் அக்கா.

"அளவு தப்பா எடுத்திருந்தேன்."

அக்கா கழுதையின் காதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் இவளுக்குத் தெரியும்; கண்ணாடியில் தன் முகத்தில் தினமும் பார்த்தது.

"அப்ப நம்ம கழுதை எங்கடி போச்சு? நீ எடுக்கல, நானும் எடுக்கல. அன்னைக்குத் தம்பி பொண்டாட்டி கையில ஒரு பெரிய..."

இவள் எட்டித் தேய்க்கும் மெஷினைப் போட்டாள். மேசைக்கடியில் கிடந்த ஏதோ ஒரு துண்டு மரத்தை எடுத்து, ஓடும் உப்புத்தாள் பட்டைமேல் வைத்து அழுத்தினாள். கொட்டகை முழுக்க இரைச்சல். அக்கா கையை விரித்து அளவு காட்டி எதையோ சொல்லிக்கொண்டே போனாள். கேட்கவில்லை என்று இவள் காதைத் தொட்டுக் காட்டினாள். துண்டு மரம் தேய்ந்து தேய்ந்து விரல்நுனி வரை வந்துவிட்டது. அக்காவின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. இவள் குனிந்து இன்னொரு துண்டை எடுத்தாள்.